டிஸ்பர்ஸ் ஆகும்வரை

ஏப்ரல் 8, 2025

சிலிண்டர் 868.50. நேற்று வரை 818.50.

ஏப்ரல் 9

ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, 6 சதவீதத்துக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில் கால் சதவீதம், இப்போது இன்னொரு கால். மதியத்துக்குள் போன் மேல் போன்: "சார், எங்க இ.எம்.ஐ. எவ்ளோ குறையும்?"

என்ன சொல்வது? வங்கிகள் 2019 அக்டோபரிலிருந்து புது வீட்டுக்கடன் வட்டியை ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோடு இணைத்தாக வேண்டும். அங்கே தானாக இறங்கும். எங்களைப் போன்ற ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஃப்ளோட்டிங் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கிடையாது. ஒழுங்காகக் கட்டுகிற கஸ்டமராகப் பார்த்து வங்கிக்காரர்கள் பி.டி. போட்டு, அதாவது பாக்கிக் கடனைத் தங்களிடம் மாற்றி, அழைத்துக்கொள்வார்கள். ஒரு வருடத்துக்குள் கடன் மூடினால், அதற்காக எனக்குக் கொடுத்த இன்சென்டிவைப் பிடித்துவிடுவார்கள். ஊரே சந்தோஷப்படுகிற செய்தி, எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஏப்ரல் 14

ஓனர் வீட்டிலிருந்து பாயசம் வந்தது. சாயங்காலம் அவரே வந்தார். ஜூன் மாதத்திலிருந்து 11,000 இல்லையாம், 13,500. இஷ்டமில்லையென்றால் காலி செய்துகொள்ளலாமாம். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

ஏப்ரல் 16

தூக்கம் வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

பி.எஃப். போகக் கையில் 24,600. பெட்ரோல் அலவன்ஸ் 3,000. ஆக 27,600. வாடகை 11,000. பெட்ரோல் 4,500, ஏனென்றால் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிப் பல மாதம் ஆகியும் அலவன்ஸ் நகரவே இல்லை, எனக்குத் தாம்பரத்திலிருந்து சிங்கபெருமாள்கோவில் வரைக்கும் ஏரியா. வண்டி டியூ 3,100. அம்மாவுக்கு 3,000. பச்சைப் பாக்கெட் பால் தினம் இரண்டு, 1,320. மீதி 4,680. மளிகை, காய்கறி, கரண்ட், போன், பாப்பாவின் ஸ்கூல் ஆட்டோ எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். கரண்டுக்கு ஓனர் யூனிட் 8 ரூபாய் வாங்குகிறார். அரசு கொடுக்கும் முதல் 100 யூனிட் இலவசம் மாடிப்படி ஏறி எங்களிடம் வந்ததே இல்லை.

இதில் இன்னொரு 2,500 எங்கிருந்து வரும்? இன்சென்டிவ் வந்தால்தான் உண்டு. மாதம் 60 லட்சம் டார்கெட், அதில் 80 சதவீதத்தைத் தொட்டால்தான் ஸ்லாப் திறக்கும். சேங்ஷன் ஆனால் போதாது, டிஸ்பர்ஸ் ஆக வேண்டும், அதாவது செக் கைமாற வேண்டும். என் உழைப்பு சேங்ஷனோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் எல்லாம் வேறு யார் யார் கையிலோ.

ஏப்ரல் 29

ஊரப்பாக்கம் ஃபைல் லாகின் ஆயிற்று. 22 லட்சம். கணவர் மறைமலை நகரில் வேலை, மனைவி நர்ஸ். ஒரு செக் பவுன்ஸ்கூட இல்லை. லட்சத்துக்கு இ.எம்.ஐ. 900 என்று போட்டால் மாதம் 19,800, தாராளமாகத் தாங்கும். இது மே மாதக் கணக்கில் வந்தால் போதும்.

மே 6

சேங்ஷன்! ஆனால் லீகலில் ஒரு கொக்கி. தாய்ப்பத்திரம் விற்பவரின் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் இறந்துவிட்டார். வாரிசுச் சான்று வாங்கவே இல்லை.

மே 7

வி.ஏ.ஓ. லீவு.

மே 11

வீடு பார்க்கப் போனோம். பெருங்களத்தூரில் ஒன்று பிடித்திருந்தது. 12,000 வாடகை, அட்வான்ஸ் பத்து மாதம். 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைதான் என்றேன். "அப்போ சட்டம் இருக்கிற வீடாப் பாருங்க" என்றார் அந்த அம்மா. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி.

முடிச்சூரில் 10,000க்கே கிடைக்கிறது. மனைவிக்குப் பிடித்துவிட்டது. எனக்கு மனசு வரவில்லை. வேல்யூவேஷனுக்கு அந்தப் பக்கம் போனபோது, புது பெயின்ட்டையும் மீறி ஜன்னல் உயரத்துக்குத் தெரிந்த 2015 வெள்ளக் கோட்டைப் பார்த்தவன் நான். பாப்பாவின் உயரத்துக்கும் மேலே.

மே 20

விற்பவர் வீட்டுக்கே போய்விட்டேன். அவருடைய அம்மா இரும்புப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பழைய ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதுகள், கடைசியில் கணவரின் இறப்புச் சான்று. லேமினேஷன் செய்து, ஓரத்தில் குங்குமம் வைத்திருந்தார். ஜெராக்ஸ் எடுக்கக் கேட்டேன். தயங்கினார். முந்தானையால் ஒருதரம் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

"ஏன் தம்பி இவ்ளோ அவசரப்படுறீங்க?"

மாசக் கடைசி என்று அவரிடம் எப்படிச் சொல்வது. ஜெராக்ஸ் கடையில் கடைப்பையன் கேட்டும் அந்தக் காகிதத்தை நான் கையை விட்டுக் கொடுக்கவில்லை, நானே வைத்து எடுத்தேன். இ-சேவையில் விண்ணப்பம் போட்டாயிற்று.

மே 27

தாலுகா ஆபீஸ் முழுக்க ஜமாபந்தி வேலை, வருஷாந்திர நிலக் கணக்குத் தணிக்கை. அப்புறம் வாருங்கள் என்றார்கள்.

மே 31

38 லட்சத்தில் மாதம் மூடியது. அந்த 22 சேர்ந்திருந்தால் 60. ஸ்லாப் திறக்கவில்லை. "ஜூன்ல பார்த்துக்கலாம்" என்று மேனேஜர் தோளைத் தட்டினார். நல்ல மனுஷன்தான், அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். ஆனால் நாங்கள் கொண்டுவந்த பிசினஸ் வேண்டும், அதற்கு அலைந்த பெட்ரோல் மட்டும் எங்களுடையது என்பது நியாயமே இல்லை. எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஜூன் 2

பள்ளி திறந்தது. ஃபீஸில் பாதி கட்டினேன். பாப்பா அழாமல் உள்ளே போனாள்.

ஜூன் 5

13,500 கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு இந்த மாதம் அனுப்பவில்லை. கேட்கவும் மாட்டாள்.

ஜூன் 6

ஒரேயடியாக அரை சதவீதம். ரெப்போ 5.5. மூன்று மணிக்குள் நாலு பேர் கடனை முன்கூட்டியே மூட ஃபோர்க்ளோஷர் லெட்டர் கேட்டுவிட்டார்கள். அதில் இரண்டு நான் போன வருஷம் போட்ட ஃபைல்.

ஊரப்பாக்கம் நர்ஸும் கூப்பிட்டார். வங்கியில் குறைவாகச் சொல்கிறார்களாம், என்ன செய்யட்டும் அண்ணா என்றார். 20 வருஷம் கட்டப்போகிறவர். வட்டி எங்கே குறைவோ அங்கே போம்மா என்றுதான் என் வாயில் வந்தது. சொல்லிவிட்டேன். ஆனால் அங்கேயும் வாரிசுச் சான்று கேட்பார்கள், அதை முதலில் முடிப்போம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஜூன் 11

வாரிசுச் சான்றுக்கு ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) ரிப்போர்ட் ஏறிவிட்டது. தாசில்தார் கையெழுத்துதான் பாக்கி. நர்ஸ் இன்னும் கூப்பிடவில்லை.