குடல் வைரஸ் ஆற்றில் என்ன செய்கிறது?

வைரஸ் என்றாலே காய்ச்சலும் இருமலும்தான் ஞாபகம் வரும். ஆனால் நம் குடலில் இருக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை நம்மைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அவற்றுக்கு வேண்டியது அங்கே குடியிருக்கும் பாக்டீரியா மட்டும்தான். இப்படி பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்களை ஃபேஜ் என்பார்கள். 1917-இல் நுண்ணுயிரியலாளர் ஃபெலிக்ஸ் டெரெல் இந்தப் பெயரை வைத்ததே சீதபேதி நோயாளிகளின் மலத்தை ஆராய்ந்த பிறகுதான்.

எனக்குப் பிடித்தது கிராஸ்ஃபேஜ் என்ற குடல் ஃபேஜின் கதை. 2014-இல் அதைக் கண்டுபிடித்தது நுண்ணோக்கியில் இல்லை, கணினியில்! பலருடைய மல மாதிரிகளில் கிடைத்த டிஎன்ஏ துண்டுகளைக் கோத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 97,000 எழுத்து நீளத்தில், அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸின் முழு மரபுத்தொகுதி வந்து நின்றது. கோக்க உதவிய மென்பொருளின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள் (ஆங்கிலத்தில் crAss என்று எழுதுவார்கள், நடுவே ‘ass’, அதாவது பின்புறம், ஒளிந்திருக்கும் குறும்பு புரியும்). அந்தக் குடும்பத்து வைரஸ் ஒன்றை ஆய்வகத்தில் வளர்க்க 2018 ஆகிவிட்டது.

சரி, வெளியே இதற்கு என்ன வேலை? இது தொற்றும் பாக்டீராய்டீஸ் வகை பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது, குடலைவிட்டு வந்தால் பெருகாது, அது பெருகாவிட்டால் இந்த வைரஸும் பெருகாது. கிராஸ்ஃபேஜ் பெரும்பாலும் மனிதக் குடலில்தான் இருக்கும் என்பதால், ஆற்றிலோ கடலோரத்திலோ இது நிறையக் கிடைத்தால் மனிதக் கழிவு கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா அப்படியில்லை, மாட்டிலும் பறவையிலும்கூட இருப்பதால் அது இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கழிவு யாருடையது என்று சொல்ல முடியாது. கிராஸ்ஃபேஜ் ஓரளவு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.