செவ்வாழைக் கன்றின் அடியில் ஒரு வெள்ளை வளையம்

எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகப் போன நவம்பரில் தரமணிப் பக்கம் ஒரு திசு வளர்ப்பு ஆய்வகத்தில் சேர்ந்தேன். செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத பாட்டிலில் வைத்துப் புதுச் செடிகளாக்கும் வேலை. எனக்குக் கிடைத்த பயிர் செவ்வாழை.

துண்டு வளர்வதற்கான எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) மீடியம் என்ற சத்துக் கூழைத் தயாரிப்பது ஒரு வாரத்தில் கைவந்துவிட்டது. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, 8 கிராம் அகர், பிஎச் 5.8, கிருமி நீக்க ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரி. சிரமமெல்லாம் கன்றைச் சீவுவதில்தான். ஈட்டி இலைக் கன்றின் மட்டையை ஒவ்வொன்றாக உரித்து, வெள்ளை வெளேரென்று குருத்து தெரியும்வரை போக வேண்டும். வாழைக்கறை பட்டு விரல் கறுத்துப்போகும். வெட்டிய துண்டும் கறுக்கும், அதனால் உடனே அஸ்கார்பிக் அமிலக் கரைசலில் போட்டுவிடுவோம்.

முதல் தடவை 40 பாட்டிலில் துண்டு வைத்தேன். பத்தே நாளில் 27 கெட்டுப்போய்விட்டது. லேமினாரில் (வடிகட்டிய காற்று வீசும் மேடையில்) கை வைக்கும்போது ஏதோ தப்பு செய்கிறேன் என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அங்கே பல வருடமாக வேலை பார்க்கும் அக்கா ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "பூஞ்சைன்னா மீடியம் மேல எங்க வேணா பஞ்சு மாதிரி வரும். இது துண்டோட அடியிலேருந்து மட்டும் கசியுது பாரு. கன்னுக்குள்ளேயே இருந்த பாக்டீரியா." அகருக்குள் பால் கலந்ததுபோல ஒரு வளையம். துண்டைக் கிருமி நீக்கப் பயன்படுத்தும் மெர்க்குரிக் குளோரைடு மேல்புறத்தைத்தான் சுத்தம் செய்யும், உள்ளே இருப்பதை அது தொடாது.

அடுத்த தடவை வேறு தோட்டத்துக் கன்று வாங்கி, துண்டை அரை சென்டிமீட்டர் அளவுக்குச் சின்னதாக வெட்டினேன். வளர நாளானது, ஆனால் முக்கால்வாசி பிழைத்தது. பிஏபி என்ற, புதுத் தளிர்களைத் தூண்டும் வளர்ச்சி ஊக்கி சேர்த்த மீடியத்தில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பிரித்து வைத்தேன். ஏப்ரலில் வேர்விட்டது.

கடைசிக் கண்டம் மே மாதம். பாட்டிலுக்குள் ஈரத்திலேயே வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு சரியாக இருக்காது, வெளியே எடுத்தால் நொடியில் வாடும். கடற்காற்று வரும்வரை அடிக்கும் மேற்குக் காற்று அதற்கு எமன். வேரில் ஒட்டிய அகரை முழுக்கக் கழுவி, தென்னை நார்க்கழிவில் நட்டு, பாலித்தீன் மூடி, நிழல்வலைக்குள் வைத்தேன். சர்க்கரை ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மூடியைத் திறந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் புது இலை சுருள் விரித்தது. நடு நரம்பில் சிவப்பு. செவ்வாழை திசு வளர்ப்பில் சில சமயம் பச்சையாக மாறிவிடும் என்பதால் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தேன். இரண்டு மட்டும் பச்சை. அவற்றைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதியைப் பைக்கு மாற்றினேன்.