கலிஃபோர்னியாவில் டியூஐ வழக்கு: கவுண்டி கோர்ட்டிலிருந்து ஆவணம் எடுப்பது

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக (டியூஐ) ஒருமுறை கைதாகியிருந்தால், எத்தனை வருடம் கழிந்தாலும் ஒரு காகிதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். க்ரீன் கார்டுக்கு ஐ-485 போடும்போது கேட்பார்கள், குடியுரிமைக்கு என்-400 போடும்போது கேட்பார்கள், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஹெச்-1பி வேலை விசா ஸ்டாம்பிங்குக்குப் போனாலும் கேட்பார்கள். வழக்கு எப்படி முடிந்தது என்பதைக் காட்டும், கோர்ட் முத்திரை பதித்த சான்றளித்த நகல்தான் அது. வக்கீல் எழுதித் தரும் கடிதம், கோர்ட் இணையதளத்தின் ஸ்கிரீன்ஷாட், டிஎம்வி (மோட்டார் வாகனத் துறை) ரெக்கார்டு, பணம் வாங்கிக்கொண்டு பின்னணி தேடித்தரும் தளங்களின் அறிக்கை எதுவும் இதற்கு ஈடாகாது. கைதோடு முடிந்துபோய் வழக்கே போடவில்லை என்றாலும், போடவில்லை என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். இந்த வேலையில் பலரும் எங்கெங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்ததை வைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் எந்த கோர்ட் என்று தெரிய வேண்டும். நீங்கள் குடியிருக்கும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இல்லை, சம்பவம் நடந்த கவுண்டிதான் கணக்கு. கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். டியூஐ வழக்கு சாதாரணக் குற்றமாக இருந்தாலும் பெருங்குற்றமாக இருந்தாலும் அங்கேதான். மில்பிட்டாஸில் பிடித்தால் சான்டா கிளாரா கவுண்டி. 880 நெடுஞ்சாலையில் சில நிமிடம் வடக்கே போய் ஃப்ரீமான்ட்டில் பிடித்தால் அலமீடா. எல்லைக் கோட்டிலிருந்து 500 கெஜத்துக்குள் நடந்த குற்றத்தை இரண்டில் எந்தக் கவுண்டியிலும் நடத்தலாம் என்று குற்றவியல் சட்டத்தின் 782-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் எல்லை ஓரத்துக் கைதுகளுக்கு இரண்டு பக்கமும் தேடிவிடுங்கள். கவுண்டிக்குள்ளும் பல கட்டடங்கள் இருக்கும். சான்டா கிளாராவை எடுத்துக்கொண்டால் சான் ஹோசேவில் வெஸ்ட் ஹெட்டிங் தெருவில் இருக்கும் ஹால் ஆஃப் ஜஸ்டிஸ் தவிர பாலோ ஆல்டோவிலும் மோர்கன் ஹில்லிலும் கோர்ட்டுகள் உண்டு. எந்தக் கட்டடத்தில் கோப்பு இருக்கிறது என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கவுண்டியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ஒரு வகை உண்டு. யோசெமிட்டி பூங்காவுக்குள்ளோ சான் ஃபிரான்சிஸ்கோவின் பிரெசிடியோ பகுதியிலோ பிடிபட்டால் அது மத்திய அரசின் நிலம். பார்க் போலீஸ் அல்லது ரேஞ்சர் போடும் வழக்கு ஃபெடரல் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகும். யோசெமிட்டி வழக்குகளுக்குக் கிழக்கு மாவட்ட ஃபெடரல் கோர்ட், பிரெசிடியோவுக்கு வடக்கு மாவட்டம். யோசெமிட்டியின் ஒரு பகுதி இருக்கும் மாரிபோசா கவுண்டி கோர்ட் கிளார்க் “இல்லை” என்று சொன்னால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். கைதின்போது கையில் கொடுத்த சீட்டின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது கேஸ் நம்பர். போலீஸ் கொடுத்த சீட்டில் இருக்கும் எண் பெரும்பாலும் போலீஸின் எண், கோர்ட்டின் எண் இல்லை. டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (கவுண்டியின் அரசு வழக்கறிஞர்) குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த பிறகுதான் கோர்ட் எண் பிறக்கும். வக்கீலே ஆஜராகி வழக்கை முடித்துக் கொடுத்திருந்தால், கட்சிக்காரருக்கு அந்த எண் தெரியாமலே போயிருக்கும். அப்படியானால் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். நம்மவர்களுக்குத் தலைவலி ஆரம்பிப்பதும் இங்கேதான்.

2021-இல் ரிவர்சைடு கவுண்டி கோர்ட்டின் தேடல் வசதி மீதான ஒரு வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்று கொடுத்தது: பொதுமக்கள் தேடும் மின்னணு அட்டவணையில் பிறந்த தேதியையோ லைசென்ஸ் எண்ணையோ போட்டுத் தேட விடக்கூடாது. அதன் பிறகு பல கவுண்டிகள் அந்தக் கட்டங்களை எடுத்துவிட்டன. இப்போது பெயர் மட்டும்தான். வருடத்தைத் தெரிந்து வைத்திருந்தால் கொஞ்சம் சுருங்கும்.

தமிழ்ப் பெயர் கோர்ட் அட்டவணையில் எப்படி ஏறும் என்பதற்கு ஒரே விதி கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே கட்டத்தில் முழுப் பெயரும் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று போடுவார்கள். அதே ஆள் டிஎம்வியில் வேறு மாதிரி பதிவாகியிருக்கலாம். போலீஸ் அதிகாரி இரவு நேரத்தில் லைசென்ஸைப் பார்த்துத் தட்டுகிறார். அதிலிருந்து டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகம் எடுத்து எழுதுகிறது. ஆகவே தேடும்போது ஒவ்வொன்றாக மாற்றிப் போடுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்து ஒருமுறை, உங்கள் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து ஒருமுறை. முதல் பெயராக எஃப்என்யூ. இனிஷியலை விரித்தும் விரிக்காமலும். கார்த்திக் ராஜா போன்ற இரட்டைப் பெயரானால் சேர்த்தும் பிரித்தும். நீளமான பெயரானால் முதல் ஐந்தாறு எழுத்து மட்டும். பாலசுப்பிரமணியனில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் அட்டவணை காட்டாது. திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறிய பெண்கள் பழைய பெயரிலும் தேட வேண்டும்.

கோப்பில் இருக்கும் காகிதங்களை வீட்டிலிருந்தே பார்க்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கலிஃபோர்னியா கோர்ட் விதி 2.503-இன்படி, கிரிமினல் கோப்பின் ஆவணங்களைப் பொதுவாக கோர்ட் கட்டடத்தில் இருக்கும் கணினியில்தான் பொதுமக்கள் பார்க்கலாம். அட்டவணை, விசாரணைத் தேதிகள், நடவடிக்கைப் பட்டியல் ஆகியவற்றை மட்டுமே இணையத்தில் வைக்கலாம். அதையும் எந்த அளவுக்கு வைப்பது என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும். லாஸ் ஏஞ்சலஸ் கோர்ட்டில் பெயர் வைத்துத் தேட இணையத்திலேயே கட்டணம் வாங்குவார்கள். எந்தக் கவுண்டி என்பதே நினைவில் இல்லாதவர்கள், பழைய வழக்கு எத்தனை என்று குழம்பியவர்கள், மாநில நீதித்துறையிலிருந்து தங்கள் சொந்த ரெக்கார்டை எடுத்துவிடலாம். பிசிஐஏ 8016ஆர்ஆர் என்ற படிவத்தோடு லைவ் ஸ்கேன் (மின்னணு முறையில் ரேகை எடுக்கும்) இடத்தில் கைரேகை கொடுக்க வேண்டும்; நீதித்துறைக் கட்டணம் 25 டாலர், ரேகை எடுப்பவர் கூலி தனி. கைது தேதி, போலீஸ் நிலையம், கோர்ட், பல நேரம் கேஸ் நம்பர் எல்லாம் அதில் வரும். இது வழிகாட்ட மட்டுமே. குடியேற்றத் துறைக்கு இதையே கொடுத்துத் தப்பிக்க முடியாது.

தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் வழக்கே இல்லை என்று நிம்மதி அடைவது ஆபத்து. சாதாரணக் குற்றத்துக்கு வழக்குப் போட ஒரு வருட அவகாசம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவு தாமதமானால் சீட்டில் போட்ட தேதியில் உங்கள் பெயர் பட்டியலிலேயே இருக்காது. அன்றைக்கும் நேரில் போங்கள், கிளார்க்கிடம் நீங்கள் வந்ததற்கு முத்திரை போட்ட சீட்டு கேளுங்கள். பிறகு டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி வழக்குப் போட்டால், நோட்டீஸ் லைசென்ஸில் உள்ள முகவரிக்கு வரும். அபார்ட்மென்ட் மாறியவர் அதைப் பார்க்க மாட்டார், கோர்ட்டுக்குப் போக மாட்டார், வாரன்ட் பிறப்பித்துவிடுவார்கள். விமான நிலையத்தில் அது தெரியவரும்போது பட வேண்டிய பாடு வேறு. ஆகவே ஒரு வருடம் முடியும்வரை மாதம் ஒருமுறையாவது அட்டவணையைப் பாருங்கள். வருடம் தாண்டியும் வழக்கு இல்லை என்றால், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகத்தில் வழக்குத் தொடரவில்லை என்ற கடிதமும், கோர்ட்டில் ‘பெயரில் பதிவு இல்லை’ என்ற சான்றளித்த தேடல் கடிதமும் வாங்கி வையுங்கள்.

கவுன்ட்டரில் என்ன கேட்பது? “டிஸ்பொசிஷன் (வழக்கின் முடிவு) வேண்டும்” என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் ஒரு பக்கச் சுருக்கத்தைத் தந்து அனுப்பிவிடுவார்கள். முழு டாக்கெட் (வழக்கின் நடவடிக்கைப் பட்டியல்) அல்லது எல்லா மினிட் ஆர்டர்களும் (ஒவ்வொரு விசாரணையிலும் கோர்ட் பதிந்த குறிப்பு), குற்றப்பத்திரிகை, குற்றத்தை ஒப்புக்கொண்ட படிவம், தண்டனை உத்தரவு, ப்ரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்புக் காலம்) முடிந்ததைக் காட்டும் பதிவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட், ஓர் ஆவணத்தைச் சான்றளிக்க 40 டாலர், தேடுவதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் 15 டாலர். ஐந்து ஆவணங்களைத் தனித்தனியாகச் சான்றளித்தால் அதற்கே 200 டாலர் ஆகிவிடும். எங்கள் யோசனை: டாக்கெட்டையும் குற்றப்பத்திரிகையையும் சான்றளித்து வாங்குங்கள், மற்றதைச் சாதா நகலாக எடுத்து வையுங்கள், பிறகு கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். தபாலில் கேட்பவர்கள் கேஸ் நம்பர், பிறந்த தேதி, வேண்டிய ஆவணங்களின் பட்டியலோடு, ஸ்டாம்ப் ஒட்டிய உறையும் ‘இத்தனை டாலருக்கு மேல் போகாமல்’ என்று எழுதிய காசோலையும் வைப்பார்கள். கோர்ட் சரியான தொகையை நிரப்பிக்கொள்ளும். பழைய கோப்பு வெளிக் கிடங்கில் இருந்தால் அன்றே கிடைக்காது. இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் இதை ஆரம்பித்தால் நேரம் போதாது.

வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். டியூஐயில் வழக்கமாக இரண்டு குற்றச்சாட்டு இருக்கும்: வாகனச் சட்டம் 23152(ஏ), போதையில் ஓட்டியது, 23152(பி), ரத்தத்தில் மது 0.08 சதவீதம் அல்லது அதற்கு மேல். ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதைக் குற்றவியல் சட்டத்தின் 1385-ஆம் பிரிவில் தள்ளுபடி செய்வார்கள். டாக்கெட்டில் ‘தள்ளுபடி’ என்ற வார்த்தையைப் பார்த்து வழக்கே தள்ளுபடி என்று படிவத்தில் எழுதிவிட்டு மாட்டியவர்கள் உண்டு. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எதிரே என்ன முடிவு என்று தனித்தனியாகப் பாருங்கள். ‘நோலோ’ (குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை) என்று இருந்தாலும் குடியேற்றச் சட்டத்தில் அது தண்டனைதான். 23103.5 என்று இருந்தால் குற்றச்சாட்டைக் குறைத்து, மது சம்பந்தப்பட்ட அலட்சிய ஓட்டமாக மாற்றியிருக்கிறார்கள். பேச்சில் ‘வெட் ரெக்லஸ்’. அதோடு உங்கள் பெயரும் பிறந்த தேதியும் சரியா, முத்திரை கடைசிப் பக்கத்தில் விழுந்திருக்கிறதா, பக்கங்கள் விடுபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர் தப்பாக ஏறியிருந்தால், நீங்கள்தான் அந்த ஆள் என்று காட்ட அந்தக் காலத்து லைசென்ஸ் நகல் தேவைப்படும்.

லைசென்ஸ் நிறுத்தம் பற்றிய காகிதங்கள் இந்தக் கோப்பில் இருக்காது. கைதின்போது கொடுக்கும் இளஞ்சிவப்புத் தாள், பத்து நாளுக்குள் கேட்க வேண்டிய விசாரணை எல்லாம் டிஎம்வியின் தனி நடவடிக்கை. போலீஸ் அறிக்கையும் பொதுவாகக் கோர்ட் கோப்பில் இருக்காது, போலீஸிடம்தான் கேட்க வேண்டும்.

ப்ரொபேஷன் முடிந்து குற்றவியல் சட்டத்தின் 1203.4-ஆம் பிரிவில் வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனுப் போடப் போகிறீர்களா? அதற்கு முன்பே முழு டாக்கெட்டைச் சான்றளித்து வாங்கிவிடுங்கள். அந்த உத்தரவு வந்த பிறகு எடுக்கும் சுருக்கத்தில் தள்ளுபடி மட்டும் தெரியலாம். குடியேற்றத் துறைக்கு மூலத் தண்டனை என்னவென்று தெரிய வேண்டும், இந்த உத்தரவு அவர்கள் கணக்கில் அதை அழிப்பதில்லை. தண்டனை எத்தனை என்பதும் பெரிய விஷயம்: 2019-இல் அட்டர்னி ஜெனரல் கொடுத்த காஸ்டியோ-பெரெஸ் தீர்ப்புக்குப் பிறகு, கணக்கில் எடுக்கும் காலத்துக்குள் இரண்டு டியூஐ தண்டனை இருந்தாலே நன்னடத்தை இல்லை என்ற அனுமானத்தோடு ஆரம்பிக்கிறார்கள். விசாவைப் பொறுத்தவரை தண்டனைவரைகூடக் காத்திருப்பதில்லை. கைதான சில வாரங்களிலேயே விசா ரத்து என்று மின்னஞ்சல் வரலாம். கடந்த ஐந்து வருடத்துக்குள் மது சம்பந்தப்பட்ட கைது ஒன்று இருந்தால் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் அனுப்பும். அந்த மருத்துவருக்கும் இதே டாக்கெட்டின் நகலை எடுத்துப் போங்கள்.

கடைசியாக, பத்து வருடம். பெரும்பாலான சாதாரணக் குற்றக் கோப்புகளை ஐந்து வருடத்தில் அழிக்கலாம் என்றாலும், டியூஐ கோப்பைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கச் சட்டம் 68152 சொல்கிறது. அதற்குப் பிறகு கோர்ட் அழித்துவிடலாம். குடியுரிமைப் படிவமோ எப்போதாவது கைதானீர்களா என்று கேட்கிறது, அந்தக் கேள்விக்குக் கால வரம்பு இல்லை. அழித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். கோப்பு இன்ன சட்டத்தின்படி அழிக்கப்பட்டது என்று கிளார்க் முத்திரையோடு எழுதித் தரும் கடிதத்தை வாங்குங்கள். அட்டவணையில் உங்கள் பெயர் வரி மிச்சமிருந்தால் அதையும் சான்றளிக்கச் சொல்லுங்கள். இவற்றோடு மாநில நீதித்துறை ரெக்கார்டு, வக்கீலிடம் இருக்கும் பழைய கோப்பு, டியூஐ வகுப்பு முடித்த சான்று, அபராதம் கட்டிய ரசீது எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது. பத்து வருடம் ஆகாதவர்கள் இந்த மாதமே போய் இரண்டு சான்றளித்த செட் எடுத்து, ஒன்றை இங்கேயும் ஒன்றை ஊரில் வீட்டிலும் வையுங்கள்.