ஆச்சி வீட்டு டிவிடி பிளேயருக்காக

2023 ஜூன் 4, ஞாயிறு

அம்பாசமுத்திரம் போய்விட்டு இப்போதுதான் பாளையங்கோட்டை திரும்பினேன். கொண்டுபோன கல்யாண வீடியோ டிஸ்க் ஆச்சி வீட்டுப் பிளேயரில் ஓடவில்லை. மூன்று முறை உள்ளே இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே தள்ளிவிட்டது.

“ஓடலியேடே” என்றாள் ஆச்சி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி போட எழுந்துவிட்டாள்.

2004இல் சின்ன அத்தை கல்யாணத்தை, மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த ஹேண்டிகேமில் எடுத்தார். மூன்று சின்ன டிஜிட்டல் கேசட்டுகள். தாத்தா பேசுவது பதிவாகியிருப்பது அவற்றில் மட்டும்தான். போனில் போட்டுக் காட்டியபோது ஆச்சி ஒரு நிமிடம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அவளுடைய டிவி, அவளுடைய ரிமோட், அவளுடைய நாற்காலி வேண்டும். அது நியாயமான ஆசை.

தவறு என்னுடையதுதான். கம்ப்யூட்டரில் ஓடிய எம்பி4 ஃபைலை அப்படியே டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன். அந்தப் பழைய பிளேயருக்கு எம்பி4 தெரியாது. யுஎஸ்பி ஓட்டையும் கிடையாது. படம் டிவிடிக்கான எம்பெக்-2 வடிவத்துக்கு மாறி, வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் விஓபி, ஐஎஃப்ஓ ஃபைல்களாக உட்கார்ந்தால்தான் அது திரும்பிப் பார்க்கும்.

ஜூன் 5, திங்கள்

டிவிடி தயாரிக்கும் மென்பொருளான டிவிடி ஸ்டைலரை இறக்கினேன். இலவசம். கேமரா பால் (PAL) என்ற டிவி முறையில் எடுப்பது, அதனால் 720க்கு 576 அளவு, நொடிக்கு 25 படம்.

உடனே இடப் பிரச்சினை. மொத்தப் படம் 2 மணி 38 நிமிடம். டிஸ்க் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், கம்ப்யூட்டர் அதையே 4.38 என்று காட்டும். எண்ணும் முறைதான் வேறு, இடம் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் அடைத்தால் ஒரு நொடிப் படத்துக்கு 4 மெகாபிட் தகவல்கூட வராது. கையில் பிடித்து எடுத்த படம், ஆட்டம் அதிகம், கூட்டம், நகை, வீடியோ லைட் வெளிச்சம். அந்த அளவில் முகமெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதைந்துவிடும்.

ஆகவே இரண்டு டிஸ்க், ஒவ்வொன்றிலும் 79 நிமிடம். படத்துக்கு 6.5 மெகாபிட், ஒலிக்கு 0.2. கணக்குப் போட்டால் 4 ஜிபிக்குள் அடங்குகிறது. இன்னும் கூட்டலாம்தான். ஆனால் டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. பழைய பிளேயர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வெளி ஓரத்தில். அந்த ஓரத்தைக் காலியாக விடுவது நல்லது.

ஜூன் 7, புதன்

எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் இன்னும் பழைய பிக்சர் ட்யூப் டிவி இருக்கிறது, ஆச்சி வீட்டில் இருப்பதுபோலவே. அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கில் முதல் பாகத்தை ஏற்றிக்கொண்டு போனேன். ஆர்டபிள்யூ டிஸ்க் வெளிச்சத்தைக் குறைவாகத்தான் திருப்பும் என்பதால் சில பழைய பிளேயர்கள் படிக்காது. அண்ணாச்சியுடையது படித்துவிட்டது.

மாப்பிள்ளை அழைப்பு வந்தது. “என்னப்பா, எல்லாரும் உதறிக்கிட்டே நடக்காங்க?” என்றார் அண்ணாச்சி.

உண்மைதான். தவில்காரர் கை மேலே போகிறது, கொஞ்சம் கீழே இறங்குகிறது, மறுபடி மேலே போகிறது. அசையாமல் நிற்பவர்கள் தெளிவாக இருக்கிறார்கள், அசைபவர்கள் மட்டும் நடுங்குகிறார்கள். கம்ப்யூட்டரில் இது தெரியவே இல்லை.

அந்தக் கால கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக எடுக்கும்: ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் இன்னொரு பாதி. இரண்டுக்கும் நடுவே 50இல் ஒரு பங்கு நொடி. இந்த வகைக் கேசட்டில் இரட்டைப்படை வரிகள், அதாவது கீழ்ப்பாதி என்று சொல்லப்படுவது, முதலில் வரும். நான் மாற்றும்போது மேல்பாதி முதலில் என்று இருந்துவிட்டது. அதனால் பின்னால் நடந்ததை டிவி முன்னால் காட்டுகிறது, கை போய்ப் போய் வருகிறது. ‘பாட்டம் ஃபீல்டு ஃபர்ஸ்ட்’ என்று மாற்றி மறுபடி முழுவதும் மாற்ற வேண்டும். இன்றிரவு அந்த வேலைதான்.

இன்னொன்று. ஓட்டிப் பார்த்தபோது, 61ஆவது நிமிடத்தில் தாத்தா குரல் சின்னப் பையன் குரல்போல் கீச்சென்று கேட்டது. அதைக் கேட்க எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. நல்லவேளை, ஆச்சி பக்கத்தில் இல்லை.

ஜூன் 9, வெள்ளி

குரல் சரியாகிவிட்டது. முதல் கேசட்டின் ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48 ஆயிரம் முறை அளந்து பதிந்தது; இரண்டாவது 32. கேமராவில் யாரோ செட்டிங்கை மாற்றியிருக்கிறார்கள். இரண்டையும் அப்படியே ஒட்டியதால், 32ஐயும் 48 என்று நினைத்து ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறது. தனித்தனியாக 48க்கு மாற்றி, அப்புறம் ஒட்டினேன். தாத்தா தாத்தாவாகப் பேசினார்.

சாயங்காலம் ரைட் செய்யும்போது 63 சதவீதத்தில் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் லைனில் லைட்டும் ஃபேனும் மட்டும்தான். ஒரு டிஸ்க் வீண். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. கரண்ட் வந்ததும் 16 மடங்கு வேகத்தில் இன்னொன்று போட்டுவிட்டேன்.

ஜூன் 11, ஞாயிறு

அம்பாசமுத்திரம். டிஸ்க் ஓடியது! ஆச்சி முகூர்த்தம் முழுக்கப் பார்த்தாள், ஒவ்வொருவராகப் பேர் சொன்னாள். அதில் பாதிப் பேர் இன்று இல்லை. 58ஆவது நிமிடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. தாத்தா பேச இன்னும் மூன்றே நிமிடம்.

ஜூன் 13, செவ்வாய்

அலுவலகத்தில் ஒருவர் முன்பு தென்காசியில் கல்யாண வீடியோ எடுத்தவர். டிஸ்க்கைக் கையில் வாங்கி, ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். எழுதிய பகுதி ஊதாவில் சற்று மங்கலாகத் தெரிந்தது. வெளிப்பக்கம் போகப்போக வளையம் வளையமாக நிறம் மாறியிருந்தது. “வேகமா அடிச்சிருக்கீங்க. டிஸ்க்கும் சில்லறையா வாங்குனதுதானே?” என்றார்.

சாயத்தை லேசர் சுட்டுத்தான் எழுதுகிறது. வேகம் கூடினால் சுடும் நேரம் குறையும், மட்டமான சாயத்தில் அச்சு சரியாக விழாது. கம்ப்யூட்டர் டிரைவ் எப்படியோ படித்துவிடும், தேய்ந்த பழைய பிளேயர் தடுமாறும். ரொம்பவும் குறைக்க வேண்டாம், இப்போதைய டிஸ்க்குக்கு 8 வேகம் போதும் என்றார். மேலே பேப்பர் லேபிள் ஒட்டக்கூடாது, பால்பாயிண்ட் பேனாவால் எழுதக்கூடாது என்பதும் அவர் சொன்னதே.

உறையோடு நல்ல டிவிடி-ஆர் ஐந்து வாங்கினேன். 8 வேகத்தில் பத்து நிமிடம்போல ஆயிற்று. நிறம் ஒரே சீராக இருக்கிறது. மெனுவை எடுத்துவிட்டேன், போட்டதும் படம் தானே தொடங்கும். தாத்தா பேசும் இடத்தில் ஒரு சாப்டர் குறி வைத்திருக்கிறேன்.

ஜூன் 18, ஞாயிறு

58ஆவது நிமிடம் தாண்டியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பந்தி. வாழையிலைகள் வரிசையாக. தோளில் துண்டோடு தாத்தா வருகிறார், குனிந்து பார்க்கிறார், திரும்பிக் குரல் கொடுக்கிறார்: “எலே, அந்த எலைக்கு அவியல் வை.”

அவ்வளவுதான் அவர் பேசுவது. அடுத்து கேமரா வேறு பக்கம் போய்விடுகிறது. யாருடைய இலை என்று தெரியாது.

ஆச்சி ரிமோட்டை நீட்டினாள். சாப்டரைப் பின்னால் தள்ளினேன். மறுபடி கேட்டாள். இன்னொரு முறை.

“அது என் எலைடே” என்றாள்.

இரண்டாவது டிஸ்க்கை இன்று போடவே இல்லை.