கழுத்தில் நெட்டி எடுத்தால் ஒற்றைத் தலைவலி போகுமா?

அடிக்கடி வரும் தலைவலிக்காக ஒரு கைரோபிராக்டரிடம் போனேன், முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் சிகிச்சை செய்பவர். முதலில் குப்புறப் படுக்கச் சொன்னார், முதுகை அங்கங்கே அழுத்திப் பார்த்தார், அப்புறம் மல்லாக்கத் திருப்பிப் போட்டு என் தலையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டினார். "தலையை என்கிட்ட விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன் என்றுதான் நான் நினைத்தேன், ஆனால் கழுத்து விறைப்பாகவே இருந்திருக்கிறது, மூன்று தடவை சொன்னார். மூச்சை வெளியே விட்ட நொடியில் சட்டென்று ஒரு சின்னத் திருப்பு, காதுக்குப் பக்கத்திலேயே படபடவென்று நாலைந்து நெட்டி. வலிக்கவில்லை. பிடரியில் லேசான சூடு பரவியது, எழுந்து உட்கார்ந்தபோது தலை கனமே இல்லாமல் இருந்தது.

அந்தச் சத்தத்தில்தான் நான் விழுந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. இவ்வளவு சத்தம் கேட்டால் உள்ளே விலகியிருந்த ஏதோ ஒன்று இடத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதானே மனம் சொல்லும்? உண்மையில் விரலில் சொடக்கு எடுப்பதும் இதுவும் ஒன்றுதான். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறைந்து வாயுக்குமிழி உண்டாகும் சத்தம், எலும்பு நகர்ந்த சத்தம் இல்லை. 1895-இல் அமெரிக்காவில் டேனியல் டேவிட் பாமர் கைரோபிராக்டிக் என்ற இந்தச் சிகிச்சை முறையைத் தொடங்கியபோது, விலகிய எலும்புதான் கிட்டத்தட்ட எல்லா நோய்க்கும் காரணம் என்று நம்பினார். இன்று அந்தத் துறையிலேயே பலர் அப்படிச் சொல்வதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஐந்தாவது நாள் தலைவலி வந்தது. மறுபடி போனேன், மறுபடி இரண்டு நாள் சுகம், மறுபடி வலி. ஏழெட்டு தடவை இப்படியே ஓடியது. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனபோது அவர் ஸ்கேன் எதுவும் கேட்கவில்லை, ஒரு நோட்டு போடச் சொன்னார்: எப்போது வந்தது, எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம், என்ன மாத்திரை.

இரண்டு மாதம் எழுதிய பிறகுதான் எனக்கு இருப்பது ஒரு தலைவலி இல்லை, இரண்டு என்று தெரிந்தது. ஒன்று எப்போதும் வலது பிடரியில் தொடங்கி மேலேறிக் கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும், பக்கம் மாறவே மாறாது, கழுத்தைத் திருப்பினால் கூடும், மண்டை ஓட்டுக்குக் கீழே ஓர் இடத்தை அழுத்தினால் அப்படியே கிளம்பிவிடும். இது கழுத்திலிருந்து வருவது. இன்னொன்று விண்விண்ணென்று தெறிக்கும், ஒரு தடவை இடம் ஒரு தடவை வலம், குமட்டும், கண் கூசும், பக்கத்து அறையில் பாத்திரம் விழுந்தால்கூட அழுகை வரும், விட்டால் மூன்று நாள் கிடத்திவிடும். இதுதான் மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி.

குழப்பம் எங்கே என்றால், மைக்ரேன் வருவதற்கு முந்தின நாளே எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதனால் கழுத்துதான் குற்றவாளி என்று முடிவுகட்டியிருந்தேன். முகத்திலிருந்து வரும் நரம்பும் மேல் கழுத்து நரம்புகள் மூன்றும் மூளைத்தண்டை ஒட்டி ஒரே இடத்தில் வந்து சேருகின்றனவாம், வலி எங்கிருந்து கிளம்பியது என்று மூளைக்கே பிடிபடுவதில்லை. பலருக்குக் கழுத்துவலி மைக்ரேனின் காரணம் இல்லை, அதன் முதல் அறிகுறி.

நார்வேயில் மைக்ரேன்காரர்கள் 104 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டார்கள். சிலருக்கு நிஜமான கைரோபிராக்டிக், சிலருக்கு அதேபோலத் தோன்றும் பொய்ச் சிகிச்சை, சிலருக்கு வழக்கமான மருந்து. எல்லோருக்குமே வலி நாட்கள் குறைந்தன, ஆனால் சிகிச்சை முடிந்தபோது நிஜத்துக்கும் பொய்க்கும் வித்தியாசம் இல்லை. என் இரண்டு நாள் சுகம் ஞாபகம் வந்தது.

நோட்டில் இன்னொன்றும் மாட்டியது. ஒரு மாதத்தில் 17 நாள் வலி மாத்திரை போட்டிருக்கிறேன்! சாதாரண வலி மாத்திரையை மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கும் மேலாகப் போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். இதை எந்த நெட்டி சரிசெய்யும்?

கழுத்தைத் திருப்புவதில் பயமுறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்து எலும்புகளின் ஓட்டைகள் வழியாகத்தான் மேலேறுகின்றன. அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். மிக அரிது, அதற்குத் திருப்புதான் காரணமா என்பதிலும் வாதம் இருக்கிறது, ஏனென்றால் கிழிசலே முதலில் கழுத்துவலியாகவும் தலைவலியாகவும்தான் தெரியும், அந்த வலியோடுதான் ஆள் போய்ப் படுப்பார். எதுவானாலும், இதுவரை வராத மாதிரியான வலி, இடி விழுந்ததுபோல் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, கூடவே பேச்சுக் குழறல், தள்ளாட்டம், இரட்டைப் பார்வை என்றால் அந்தப் படுக்கையில் போய்ப் படுக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நான் கைரோபிராக்டரை விட்டுவிடவில்லை. பிடரித் தலைவலிக்கு மட்டும் போகிறேன், திருப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கையால் அழுத்தித் தளர்த்துகிறார், மோவாயை உள்ளே இழுக்கும் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார், அதுதான் நெட்டியைவிட அதிக நாள் தாங்குகிறது. மைக்ரேனுக்குத் தடுப்பு மருந்து ஓடுகிறது. போன மாதம் வலி மாத்திரை ஆறு நாள்.