கடைசிக் குதிரை குடித்து முடிக்கும் வரை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள புளூமிங்டன் நகரிலிருந்து 446-ஆம் எண் சாலையில் தெற்கே சென்று, மன்ரோ ஏரியின் குறுக்கே போடப்பட்ட பாதையைக் கடந்து சிறிது தூரம் போனால், இடப்புறம் டவர் ரிட்ஜ் சாலை பிரிகிறது. ஹூசியர் தேசியக் காட்டுக்குள் செல்லும் அந்தச் சாலையில் உள்ள பிளாக்வெல் குதிரை முகாமில்தான் எங்கள் குதிரைக் குழு ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு வார இறுதியைக் கழிக்கிறது. இண்டியானாபொலிஸிலிருந்து சாதாரண காரில் வந்தால் விரைவாக வந்துவிடலாம். ஆனால் பின்னால் ட்ரெய்லரில் ஒரு குதிரை நான்கு கால்களையும் ஊன்றி நின்றுகொண்டு வரும்போது, ஒவ்வொரு வளைவையும் அதன் உடம்பு எப்படித் தாங்கும் என்று யோசித்தே ஓட்ட வேண்டியிருக்கிறது. என் பெட்டைக் குதிரை பென்னியுடன் நான் இங்கே வருவது இது நான்காவது ஆண்டு.

வெள்ளிக்கிழமை மாலை முகாமுக்கு வந்து சேர்ந்தவுடன் யாரும் தங்கள் கூடாரத்தை விரிப்பதில்லை. முதலில் குதிரைகளுக்குத்தான் இடம் பார்க்கிறோம். இரண்டு பெரிய மரங்களுக்கு இடையே, குதிரையின் தலைக்கு மேலே இருக்கும்படி, தரையிலிருந்து ஏறத்தாழ ஏழடி உயரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டி, அதிலிருந்து ஒவ்வொரு குதிரையையும் போதிய இடைவெளி விட்டுப் பிணைக்கிறோம். மரப்பட்டையைக் கயிறு அறுத்துவிடாமல் இருக்க அகலமான பட்டை வாரைச் சுற்றிய பிறகே கயிறு ஏறும். எந்த மரம் என்பதையும் அண்ணாந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் இலையுதிர் காலத்தில் இந்தக் காட்டின் அழகையெல்லாம் சுமந்து நிற்கும் சிவப்பு மேபிள் மரம் குதிரைக்கு நஞ்சு. அதன் வாடிய இலைகளைத் தின்றால் குதிரையின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும். நாங்கள் ஓக் மரங்களாகப் பார்த்துக் கட்டிவிட்டு, கீழே காற்றில் வந்து கிடந்த மேபிள் இலைகளை வாரியால் கூட்டி அப்புறப்படுத்தினோம். அதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

முகாமை ஒட்டி இருப்பது சார்லஸ் சி. டீம் வனப்பகுதி. இண்டியானாவின் முதல் மாநில வன அலுவலரான தாவரவியலாளர் டீமின் பெயரால் 1982-இல் பாதுகாக்கப்பட்ட இந்த நிலம், ஏறத்தாழ 13,000 ஏக்கர் பரப்புடையது. இன்று அடர்ந்த காடாகத் தெரியும் இந்த மேட்டுநிலங்கள் ஒரு காலத்தில் சிறு பண்ணைகளாக இருந்தவை. மெலிந்த மண்ணில் விளைச்சல் கட்டுப்படியாகாமல் மக்கள் வெளியேற, காடு திரும்பி வந்து வயல்களை மூடிக்கொண்டது. பாதையோரத்தில் வீட்டு அடித்தளக் கற்களும் குடும்ப இடுகாடுகளும் எதிர்ப்படுகின்றன. அத்தகைய ஓர் இடுகாட்டின் வேலியருகே நாங்கள் எப்போதும் பேச்சை நிறுத்திவிட்டு நடை வேகத்தில் கடப்போம்; அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லித் தந்ததில்லை.

இந்தப் பகுதிக்குள் ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் போகக் கூடாது என்பதால், சனிக்கிழமை காலை நாங்கள் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு நேரத்தில் கிளம்பினோம். முன்னால் வழி தெரிந்த ஒருவரும், கடைசியில் அனுபவம் மிக்க ஒருவரும் இருப்பார்கள். உதைக்கும் பழக்கமுள்ள குதிரையின் வாலில் சிவப்பு நாடாவும், பாதைக்குப் புதிய குதிரையின் வாலில் பச்சை நாடாவும் கட்டியிருக்கும். கடைசி ஆள் அங்கவடியில் கால் வைத்துச் சேணத்தில் சரியாக அமரும் வரை யாரும் நகர்வதில்லை. கால் மணி நேர நடைக்குப் பிறகு எல்லோரும் நின்று வயிற்று வாரை மறுபடியும் இறுக்குவதும் வழக்கம், ஏனென்றால் சேணம் பூட்டும்போது காற்றை அடக்கி வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. பென்னியும் அவற்றில் ஒன்று.

ஆனால் இந்தக் குழுவின் வழக்கங்களிலேயே நான் முதலாவதாக மதிப்பது, நீர்நிலையில் காத்திருப்பதைத்தான். குதிரை மந்தை விலங்கு. அதற்குத் தாகத்தைவிடத் தனித்து விடப்படும் அச்சம் பெரிது. கூட்டம் நகர்ந்தால், பாதி குடித்த குதிரை தலையைத் தூக்கிவிட்டுப் பின்னால் ஓடி வந்துவிடும். ஆகவே கடைசிக் குதிரை குடித்து முடிக்கும் வரை, குடித்து முடித்தவை எல்லாம் ஓடையிலேயே நிற்க வேண்டும்.

முதல் ஆண்டில் இந்த வழக்கத்தை மீறியவள் நான். மழை மூட்டமாக இருந்தது, பென்னி குடித்துவிட்டாள், மேட்டில் ஏறி நிற்கலாமே என்று அவளைத் திருப்பினேன். என் பின்னால் மேலும் இரண்டு குதிரைகள் ஏறின. அப்போதுதான் நீரில் வாய் வைத்திருந்த ரஸ்டி என்ற காயடித்த கிழக்குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டது. அன்று மாலை முகாமில் வைத்த தொட்டி நீரையும், வாடை பிடிக்கவில்லையோ என்னவோ, அது முகர்ந்து பார்த்துவிட்டு விலகிக்கொண்டது.

இரவு பதினொரு மணிக்கு அது முன்னங்காலால் மண்ணைக் கீறத் தொடங்கியது. அடிக்கடி திரும்பித் தன் விலாவையே பார்த்தது. வயிற்றுச் சூலை. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதால், குடலில் அடைபட்டது கீழ்வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. அதன் உடைமையாளரான முதியவர் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தினார். வெளுத்த இடத்தில் நிறம் திரும்ப இரண்டு நொடிக்குள் ஆக வேண்டும்; அன்று அதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டது. விலாவில் காதை வைத்துக் கேட்டபோது, ஓயாமல் கடகடத்துக்கொண்டிருக்க வேண்டிய குடல் ஒரு பக்கம் அடங்கியிருந்தது. தொலைபேசியில் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் வலி மருந்தைக் கொடுத்துவிட்டு, ஆள் மாற்றி ஆள் அதை மெல்ல நடத்தினோம். நீர் குறைவாகக் குடித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை அந்த முதியவர் என்னிடம் சொல்லவில்லை. வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு ரஸ்டி சாணம் போட்டது. ஆவி பறந்த அந்தச் சாணத்தைச் சுற்றி நின்று நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். நான் அழுதேன்.

இந்த ஆண்டு சனிக்கிழமை பிற்பகலில், பாதையின் குறுக்கே விழுந்திருந்த ஓர் ஓக் மரத்தை அறுத்து அகற்றும் வேலையும் இருந்தது. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய வனப்பகுதிகளில் எந்திர ரம்பம் பொதுவாகத் தடை செய்யப்பட்டிருப்பதால், வனத்துறையின் இசைவோடு, பயிற்சி பெற்ற எங்கள் உறுப்பினர்கள் இருபுறமும் பிடியுள்ள நீண்ட கைரம்பத்தைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த ரம்பத்தை இழுக்க மட்டுமே வேண்டும். தள்ளினால் தகடு வளைந்து சிக்கிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் இழுக்கும்போது நம் கையைத் தளர்த்திவிட வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது கைக்குப் பழகுவதற்கு எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. எங்கள் குளம்புகள் மிதித்துத் தேய்க்கும் பாதையைச் செப்பனிடும் பொறுப்பும் எங்களுடையதே என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அதைச் செய்யாத குழு இந்தக் காட்டுக்குள் வரக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இரவு நெருப்பைச் சுற்றி அவரவர் கொண்டுவந்த உணவைப் பகிர்ந்து உண்டோம். என் புளிசாதம் முதலில் தீர்ந்தது. கூடாரத்துக்குள் படுத்திருந்தபோது, காய்ந்த புல்லை அரைக்கும் பற்களின் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. நள்ளிரவில் எழுந்து விளக்கடித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒரு பின்னங்காலைத் தளர்த்திக்கொண்டு நின்றபடியே உறங்கின. கட்டுக்கயிற்றைத் தரையைத் தொடும் அளவுக்கு விட்டிருந்த பென்னி மட்டும் படுத்திருந்தாள். ஆழ்ந்த உறக்கத்துக்கு எந்தக் குதிரையும் சிறிது நேரமாவது படுத்தே ஆக வேண்டும், ஆனால் சுற்றிலும் விழித்திருக்கும் துணை இருக்கிறது என்ற நம்பிக்கை வந்தால்தான் அது தரையில் சாயும்.

ஞாயிற்றுக்கிழமை காலை திரும்பும் வழியில் அதே ஓடை வந்தது. பென்னி குடித்து முடித்து, கடிவாளத்திலிருந்து நீர் சொட்டத் தலையைத் தூக்கினாள். எங்களுக்குப் பின்னால் ரஸ்டி வந்து இறங்கியது. முகத்தில் முன்பைவிட நரை கூடியிருந்தது. முதலில் நீரை மோந்தது, முன்னங்காலால் இரண்டு முறை தட்டிக் கலக்கியது, நீர் தெளியும் வரை நின்றது. பிறகு உதடுகளைச் சேர்த்து நீரின் மேல் வைத்தது. ஒவ்வொரு மடக்குக்கும் அதன் காதுகள் முன்னும் பின்னுமாக அசைந்தன. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நாற்பத்தொன்று. அதற்குப் பிறகும் அது தலையைத் தூக்கவில்லை. ஒன்பது குதிரைகளும் முழங்கால் நீரில் அசையாமல் நின்றன; முதியவர் கடிவாள வாரைத் தளர்த்தி அதன் பிடரியில் கையை வைத்திருந்தார்.