செம்மண்ணில் சர்வீஸ் மட்டும் போதாது

பாரீஸ் மெட்ரோவின் 10ஆம் தடத்தில் போர்ட் தோத்தேய் நிலையத்தில் இறங்கி, கூட்டம் போகும் திசையில் நடந்தால் ரோலண்ட் காரோஸ் டென்னிஸ் வளாகம் வந்துவிடும். செம்மண் தரையில் நடக்கும் பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் தொடரின் முதல் வாரம். என்னிடம் இருந்தது வெளி ஆடுகளங்களுக்கான டிக்கெட். மைய அரங்கான பிலிப் ஷாத்ரியேவுக்குள் அது செல்லாது. ஆனால் செம்மண் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வெளி ஆடுகளங்களைவிட நல்ல இடம் கிடையாது என்பேன். முதல் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரரின் மூச்சுக்கூடக் கேட்கிறது.

நான் பார்த்த ஆட்டத்தில் ஒருவர் நெடிய உருவம்; புள்ளியைத் தொடங்கிவைக்கும் அடியான சர்வீஸில் அசுர வேகம். புல்தரையாக இருந்தால் அவற்றில் பல திரும்பியே வந்திருக்காது. இங்கே எதிராளி ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைனுக்கு வெகு பின்னால் நின்று, சலிக்காமல் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரே புள்ளியை இரண்டு முறை, மூன்று முறை வெல்ல வேண்டிய நிலை நெடியவருக்கு. ஒரு பந்து கோட்டருகே விழுந்தது. நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, பொடியில் பதிந்த நீள்வட்டத் தடத்தை விரலால் சுட்டி 'வெளியே' என்றார். செட் முடிந்ததும் ஊழியர்கள் பாய்போன்ற வலையைத் தரைமேல் இழுத்துச் சமன்செய்து, கோடுகளைத் துடைப்பத்தால் பெருக்கினார்கள். தடங்கள் எல்லாம் போயின. நெடியவரின் களைப்பு போகவில்லை.

இத்தனைக்கும் காரணமான சிவப்பு, ஓரிரு மில்லிமீட்டர் செங்கல் பொடிதான். அதற்குக் கீழே நொறுக்கிய சுண்ணாம்புக்கல், நிலக்கரிக் கசடு, சரளை, கல் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. பந்து விழும்போது பொடி அதைப் பிடித்து இழுக்கிறது. முன்னோக்கிய வேகம் குறைகிறது. பந்து நிமிர்ந்து எழுகிறது. டாப்ஸ்பின், அதாவது முன்னோக்கி உருளும் சுழற்சி, கொடுத்து அடித்தால் தோள் உயரத்துக்கு ஏறும்.

டென்னிஸின் நான்கு பெரிய தொடர்களான கிராண்ட் ஸ்லாம்களில் பதினான்கு பட்டங்கள் வென்ற பீட் சாம்ப்ராஸ் இங்கே ஒருமுறைகூட இறுதிப்போட்டிக்கு வரவில்லை. அதே எண்ணிக்கையில், பதினான்கு பட்டங்களை இந்த ஒரே இடத்தில் வென்றார் ரஃபேல் நடால். இங்கே அவர் ஆடிய ஆட்டங்களில் 112 வெற்றி, 4 தோல்வி. அவருடைய இடக்கைச் சுழல் பந்து ரோஜர் ஃபெடரரின் ஒற்றைக்கை பேக்ஹேண்டுக்கு (புறங்கை முன்னால் வர அடிக்கும் அடி) மேலே எழும்பியபடியே இருந்தது. இங்கே ஆறு முறை மோதியும் ஃபெடரரால் ஒருமுறைகூட வெல்ல முடியவில்லை. நம் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் இங்கே ஜூனியர் பட்டம் வென்றவர். ஆனால் பெரியவர்கள் பிரிவில் அவர் காலிறுதிவரை போனது விம்பிள்டனிலும் அமெரிக்க ஓபனிலும்தான்.

என்னை மிகவும் ஈர்த்தது கால்வேலை. தேர்ந்தவர்கள் பந்தை அடிப்பதற்கு முன்பே சறுக்கத் தொடங்கி, அடிக்கும் நேரத்தில் நிலைகொண்டுவிடுகிறார்கள். பழகாதவர்கள் அடித்த பிறகு சறுக்குகிறார்கள். ஆடுகளத்தின் நடுவுக்குத் திரும்புவதற்குள் அடுத்த பந்து வந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் இந்த வேறுபாடு எனக்குத் தெரிந்ததே இல்லை. சிறுவயதிலிருந்து செம்மண்ணில் வளர்ந்த ஸ்பெயின், அர்ஜென்டினா ஆட்டக்காரர்களுக்கு இது நடப்பதைப் போல இயல்பாக வருகிறது.

மாலையில் தூறல் போட்டது. ஈரம் ஏறினால் பந்து கனத்துவிடும், துள்ளல் குறையும். பந்தின் துள்ளலை நம்பியிருக்கும் சுழல் பந்துக்காரர்களுக்கு அது பாதகம். அதனால்தான் 2020இல், கொரோனாவால் தொடர் இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போனபோது, குளிரில் நடாலின் பந்து எழும்பாது என்று பலரும் கணித்தார்கள். அக்டோபரில் நடந்த இறுதிப்போட்டியில், மூடிய கூரைக்குக் கீழே, ஜோகோவிச்சை அவர் 6-0, 6-2, 7-5 என்று வீழ்த்தினார்.